பாட்டைக் கெடுக்காத படம்

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியின் கலைவிழாவில், மாணவர்கள் தாங்களே தொகுத்த பாட்டுப்படங்களைப் போட்டிக்கு வைத்திருந்த அரங்கத்தில், என் தமக்கை மகனுடைய படம் திரையில் ஓடியபோது நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜப்பானியச் சித்திரப்படம் ஒன்றிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட துண்டுக் காட்சிகளைப் பொறுக்கியெடுத்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு தமிழ்த் திரைப்பாட்டின் தாளத்துக்கும் பாவத்துக்கும் இசைய அவற்றைக் கோத்து, இரண்டு மாத காலம் இரவு நேரத்தையெல்லாம் செலவிட்டு அவன் செய்த வேலை அது. மழை தொடங்கும் காட்சியில் வயலின்கள் எழும்பும் இடமும், கதாநாயகன் திரும்பிப் பார்க்கும் கணத்தில் தபேலாவின் முதல் அடி விழும் இடமும், இதைத் தொகுத்தவன் சங்கீதத்தைச் சிரத்தையோடு கேட்கத் தெரிந்தவன் என்பதை ஐயமறக் காட்டின. ஆனால் அரங்கத்தின் பெரிய ஒலிபெருக்கிகளில் அந்தப் பாட்டு வந்து விழுந்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் சங்கடப்படுகிறது. தாளத்தட்டின் நாதம் தகரத்தின்மேல் மணலைக் கொட்டினாற்போல் சலசலத்தது, பாடகியின் குரலில் ‘ச’கரம் வரும்போதெல்லாம் ஒரு சீற்றம் எழுந்தது, பாட்டு உச்சஸ்தாயியை எட்டிய இடத்தில் ஒலி உடைந்து கரகரத்தது. முதல் நிமிஷத்தில் நிசப்தமாயிருந்த சபை இரண்டாவது நிமிஷத்தில் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டது.

வெளியே வந்ததும் அவன் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “மாமா, வீட்டில் கேட்டபோது நன்றாகத்தானே இருந்தது?”

வீட்டில் அவன் கேட்டது மடிக்கணினியின் அடியில் இருக்கும், இரண்டு விரல் அகலமுள்ள ஸ்பீக்கரில். அந்தக் கேள்விக்கு முழுமையான விடை சொல்வதற்குச் சிறிது தூரம் சுற்றி வர வேண்டியிருக்கிறது. கைப்பேசியிலும் கணினியிலும் இத்தகைய படங்களைத் தொகுக்கும் பிள்ளைகள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருப்பதால், அந்தச் சுற்று வீண்போகாது என்று நம்புகிறேன்.

இந்த வேலையை இளைஞர்கள் ‘எடிட்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஜப்பானியச் சித்திரப்படக் காட்சிகளை வைத்துச் செய்தால் அதற்கு ‘ஏ.எம்.வி.’ என்று பெயர். நேற்று முளைத்த பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் பலர் எண்ணிக்கொண்டிருக்கும் இந்தக் கலைக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் ரசிகையான காண்டி ஃபாங் என்பவர், அத்தொடரின் படவில்லைகளை ஒரு பாட்டின் போக்குக்குத் தக்கபடி ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டி, கூடியிருந்த ரசிகர்களை மகிழ்வித்தார். 1982-இல் அதே தேசத்தில் ஜிம் கபோஸ்டாஸ் என்ற இளைஞர் இரண்டு வீடியோ கேஸட் கருவிகளைக் கம்பியால் இணைத்து வைத்துக்கொண்டு, ‘ஸ்டார் பிளேஸர்ஸ்’ என்ற பெயரில் அங்கே ஒளிபரப்பான ஜப்பானியச் சித்திரத் தொடரின் யுத்தக் காட்சிகளை, அன்பைப் போற்றும் பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்றோடு சேர்த்தார், முதல் ஏ.எம்.வி. என்று அந்த வட்டாரத்தினர் கொண்டாடுவது அதையே.

நம்மவர்களுக்கு இந்த முறை அந்நியமானதன்று. 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ காலத்திலிருந்து சில ஆண்டுகள் வரையில் நடிகர்கள் காமிராவின் எதிரிலேயே பாடவேண்டியிருந்தது; பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணுக்கு அகப்படாத இடத்தில் ஒதுங்கியிருந்து வாசித்தார்கள். 1938-இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாடல் முறை தமிழில் கையாளப்பட்ட பிறகு, பாட்டை முதலிலே பதிவு செய்துகொண்டு, படப்பிடிப்பின்போது அதை ஒலிக்கச் செய்து, அதன் போக்கில் நடிகர்கள் உதடசைப்பதும் ஆடுவதும் வழக்கமாகி, இன்றுவரை அதுவே நம் சினிமாவின் நியதியாக இருக்கிறது. அதாவது, பாட்டு முன்னே செல்கிறது. படம் அதைப் பின்தொடர்கிறது. வீட்டு மூலையில் கணினிமுன் உட்கார்ந்து எடிட் செய்யும் பிள்ளையும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறான்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. படக்காட்சிகளை அவன் வெட்டலாம், ஒட்டலாம், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறத்தை மாற்றலாம். காட்சிகளின் வரிசை முழுவதும் அவன் கற்பனைக்கு உட்பட்டது. பாட்டோ பெரும்பாலும் வேறொருவர் இயற்றி, வேறொருவர் பாடி, பல வித்வான்கள் வாசித்து, தேர்ந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் நாள்கணக்கில் உழைத்துப் பதிவு செய்து, முடிந்த பொருளாக அவன் கைக்கு வருகிறது. அதை அவன் மேலும் நல்லதாகச் செய்துவிட முடியாது. வந்தபடியே வைத்திருக்கலாம், அல்லது கெடுக்கலாம். அம்மன் நகையை உற்சவத்துக்கு வாங்கிச் செல்பவன் அதை எப்படிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமோ, அப்படி அவன் அந்தப் பாட்டை ரசிகர்களிடம் கொண்டு சேர்க்கக் கடமைப்பட்டவன் என்பது என் அபிப்பிராயம். என் தமக்கை மகனுக்குத் திறமை குறைவில்லை. இந்தக் கடமை ஒன்றுதான் அவனுக்கு யாராலும் சொல்லப்படாமல் போயிற்று.

கண்ணைக் காட்டிலும் காது இவ்விஷயத்தில் மிகக் கண்டிப்பானது. விநாடிக்கு 24 நிலைப்படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் கண் அவற்றை இடையறாத அசைவாக ஏற்றுக்கொள்கிறது. காதோ, ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கி அதில் இரண்டு மூன்று கூறு அளவே ஒலி அற்றுப்போனாலும் அந்த இடைவெளியைக் கண்டுகொள்கிறது. பழைய சித்திரப்படத்தின் நிறம் சற்று மங்கியிருந்தால் பார்ப்பவர் ஒரு நிமிஷத்தில் அதற்குப் பழகிவிடுவார். படத்திலே சிறிது தெளிவின்மை ஒரு அழகு என்றுகூடச் சிலர் சொல்வார்கள். கரகரக்கும் பாட்டுக்கு யாரும் பழகுவதில்லை. நேரம் ஆக ஆகச் சலிப்பு மிகுந்து, எதனால் சலிப்பு என்று தெரியாமலே எழுந்து போய்விடுகிறார்கள். அந்த அரங்கத்தில் பேசத் தொடங்கியவர்களைக் கேட்டிருந்தால், படம் கொஞ்சம் நீளம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். படத்தின் நீளம் நாலே நிமிஷம்.

கேஸட் காலத்தில் இந்த வேலை செய்தவர்கள் பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது. அன்றைய வி.எச்.எஸ். நாடாவில் ஒலிக்கு ஒதுக்கப்பட்ட இடம் நாடாவின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கீற்றுத்தான். நாடா எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு நுட்பமாக உயர்ந்த ஸ்தாயி ஒலிகள் அதில் பதியும். நாம் பாட்டுக் கேட்ட சாதாரண ஆடியோ கேஸட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது, அமெரிக்க வி.எச்.எஸ். நாடாவின் வேகம் விநாடிக்குச் சுமார் 3.3 சென்டிமீட்டர்தான். ஆகவே கேஸட்டில் இருந்த பாட்டு வீடியோவுக்கு மாறும்போதே பாதி ஒளியிழந்து போகும். அந்த வீடியோவிலிருந்து மற்றொரு நாடாவுக்கு நகல் எடுத்தால் இரைச்சல் கூடும். நகலின் நகல் ஊர் விட்டு ஊர் போய்ச் சேரும்போது பாடுபவர் ஆணா பெண்ணா என்று தெரிந்தால் போதும் என்ற நிலைமை. அந்தக் குறையை அவர்களால் தவிர்க்க முடியவில்லை. சாதனம் அவ்வளவுதான் கொடுத்தது. இன்றைய சாதனங்களோ நகலுக்கும் மூலத்துக்கும் ஒரு அணுவளவு வித்தியாசமும் இல்லாமல் ஆயிரம் நகல் எடுத்துத் தரக்கூடியவை. அப்படியிருந்தும் பாட்டு கெடுகிறதென்றால், கெடுகிற இடம் வேறு.

முதல் ஏ.எம்.வி. தோன்றிய அதே 1982-ஆம் ஆண்டு அக்டோபரில், ஜப்பானில் சி.டி. என்னும் ஒலித்தட்டு விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியலையின் உயரம் விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் நீளமுள்ள எண்ணாக எழுதி வைக்கப்படுகிறது. இந்த 44,100 என்ற விசித்திரமான எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. எண்களாக மாற்றிய ஒலியைச் சேமித்து வைக்க அக்காலத்தில் வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு படக்கோட்டுக்கு மூன்று அளவுகள், ஒரு புலத்துக்கு 245 கோடுகள், விநாடிக்கு 60 புலங்கள் என்று பெருக்கினால் கிடைப்பது 44,100. ஐரோப்பிய முறைப்படி மூன்று அளவுகள், 294 கோடுகள், 50 புலங்கள் என்று பெருக்கினாலும் அதே எண்தான் வருகிறது. இன்றைக்கும் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் ஒரு வீடியோ நாடாவின் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை அறியும்போது, படமும் பாட்டும் நாம் நினைப்பதைவிடப் பழைய சிநேகிதர்கள் என்று தோன்றுகிறது.

மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை, நல்ல இளமையில், விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரை. ஓர் ஒலியைச் சரிவரப் பிடிக்க அதன் அதிர்வைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது சித்தாந்தம். ஆதலால் 44,100 போதுமானது. ஆனால் இப்படி இரண்டு காதுக்கும் எழுதி வைத்தால் ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஏறத்தாழ பத்தரை மெகாபைட் இடம் வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாகப் பாட்டை அனுப்ப நினைத்தவர்களுக்கு இது மலையைப் போன்ற பாரம். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்திலுள்ள ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய எம்.பி.3 முறை, அந்தப் பாரத்தைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. அந்தப் பெயர் சூட்டப்பட்டது 1995 ஜூலையில்.

அவர்கள் கையாண்ட யுக்தி மிகவும் நுட்பமானது. நாதஸ்வரம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது நம் காதில் விழாது. முணுமுணுப்பு இல்லாமல் போகவில்லை, பெரிய ஒலி அதை மறைத்துவிடுகிறது. இப்படிப் பாட்டின் ஒவ்வொரு நொடியிலும் எந்த ஒலி எந்த ஒலியை மறைக்கிறது என்று கணக்கிட்டு, மறைந்துபோவதை எழுதாமல் விட்டுவிடுவதே எம்.பி.3. பக்கவாத்தியமே இல்லாமல் சுஸான் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டு, தொடக்க காலச் சோதனையில் மிக மோசமாகக் கெட்டுப்போனதால், தனிக்குரலின் நயம் கெடாமல் இருக்கும் வரையில் அந்தப் பாட்டையே மீண்டும் மீண்டும் கேட்டு முறையைத் திருத்தினார் பிராண்டன்பர்க். இத்தனை சிரத்தையோடு செய்யப்பட்ட ஒன்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போதிய இடம் கொடுத்து, ஒரே ஒரு தடவை சுருக்கினால், மூலத்துக்கும் சுருக்கத்துக்கும் வித்தியாசம் காண்பது தேர்ந்த காதுக்கும் அரிது.

தீங்கு விளைவது சுருக்கியதையே திரும்பத் திரும்பச் சுருக்கும்போது. என் தமக்கை மகனுடைய பாட்டு எந்த வழியில் வந்தது என்று பிறகு விசாரித்தேன். யாரோ ஒருவர் தம்மிடமிருந்த எம்.பி.3-ஐ ஒரு நிழற்படத்தோடு இணைத்து வீடியோவாக வெளியிட்டிருந்தார். வெளியிட்ட தளம் அதை மறுபடி சுருக்கியது. அதிலிருந்து இவன் ஒரு கருவியின் மூலம் ஒலியை மட்டும் உருவியெடுத்தபோது அது மீண்டும் எம்.பி.3 ஆயிற்று, தொகுத்து முடித்து எக்ஸ்போர்ட் செய்தபோது இன்னொரு தடவை, வாட்ஸப்பில் நண்பனுக்கு அனுப்பி, அந்த நண்பனிடமிருந்த பிரதியை விழாக்காரர்களுக்குக் கொடுத்ததில் மேலும் ஒரு தடவை. ஐந்து தடவை வடிகட்டிய பிறகு மிஞ்சியதைத்தான் அந்த அரங்கம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ‘இது காதில் விழாது’ என்று எடுத்தெறியப்பட்டது வேறு வேறு பகுதி; எடுத்த இடத்தில் விழுந்த பிசிறுகளையே அடுத்த சுருக்கம் பாட்டென்று எண்ணிப் பத்திரப்படுத்துகிறது.

இதனால் மற்றவற்றைவிட அதிகமாக அடிபடுவது தாளம். எம்.பி.3 முறை பாட்டை இருபத்தாறு மில்லிவிநாடி வரை நீளும் சிறு சிறு துண்டுகளாக எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. ஒரு துண்டின் கடைசியில் தபேலாவின் அடியோ மிருதங்கத்தின் சாப்போ திடீரென்று விழுந்தால், கணக்கில் ஏற்படும் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவி, அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய புகை போன்ற இரைச்சலாகக் கேட்கிறது. முன் எதிரொலி என்று இதைச் சொல்லலாம். ஸ்பெயின் தேசத்தாரின் காஸ்டனெட் என்னும் தாளக்கட்டையின் ஓசையை இந்த முறைகளுக்குச் சோதனையாக வைப்பதற்குக் காரணமும் இதுவே. அடி வரும் இடத்தில் துண்டைச் சிறிதாக்கும் உபாயம் உண்டு என்றாலும், இடம் நெருக்கடியானால் அதுவும் உதவுவதில்லை. கூர்மையான அடி மழுங்கிப்போகிறது.

சாதாரணமாகப் பாட்டுக் கேட்பவருக்கு இது சிறு நஷ்டம். எடிட் செய்பவனுக்கோ இது பெரிய விபரீதம். ஏனென்றால் அவன் தன் வெட்டுகளையெல்லாம் வைத்திருப்பது அந்த அடிகளின் மேல். டைம்லைனில் ஒலியலையின் சித்திரத்தைப் பார்த்து, முள்போல் எழும் ஒவ்வோர் அடியின் முனையிலும் ஒரு காட்சியை மாற்றுகிறான். பார்ப்பவருடைய உடம்பில் ஒரு சிலிர்ப்பை உண்டாக்குவது அந்தப் பொருத்தம். அடி மழுங்கினால் முள் மேடாகிவிடுகிறது. மேட்டின் எந்தப் புள்ளியில் வெட்டினாலும் அது அரைகுறையாகவே படும். அரங்கத்திலே நான் கண்ட அந்தத் தபேலா அடி, ஃபிரேம் பிசகாமல் வைக்கப்பட்டிருந்தும் மனத்தில் தைக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

சிலர் இந்தக் குறையை அறிந்து, விநாடிக்கு 128 கிலோபிட் அளவில் இருந்த எம்.பி.3-ஐ 320 கிலோபிட் அளவுக்கு ‘உயர்த்தி’விட்டதாக எண்ணித் திருப்தியடைகிறார்கள். போனது போனதுதான், நீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினால் பால் கூடுவதில்லை. பெயரில் 320 என்றோ, ‘எச்.டி. ஆடியோ’ என்றோ போட்டிருப்பதை நம்பாமல், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து அதன் நிறமாலைச் சித்திரத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: குறைந்த அளவில் சுருக்கப்பட்ட பாட்டில் பெரும்பாலும் 16,000 அதிர்வுக்கு மேலே கத்தியால் வெட்டினாற்போல் வெறுமையாக இருக்கும். நல்ல மூலம் வேண்டுமென்றால், சி.டி. தட்டு கிடைத்தால் அதிலிருந்தும், இல்லையேல் சேதமில்லாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் விலைக்குக் கொடுக்கும் இடத்திலிருந்தும் பெற்று, வேவ் வடிவத்திலே டைம்லைனில் வைப்பது உத்தமம். பாட்டைக் காசு கொடுத்து வாங்குவது அதைப் பாடியவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும்.

உடைந்த உச்சஸ்தாயிக்குக் காரணம் இன்னொரு பழக்கம். பாட்டு உரக்கக் கேட்டால்தான் எடுபடும் என்று எண்ணி, ஒலியளவைக் கூட்டும் கம்பியை மேலே தள்ளுகிறார்கள். எண்களால் எழுதிய ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 16 பிட்டில் அது 32,767. அதற்கு மேல் எழும் அலையின் தலை சீவப்பட்டு, வளைவாக இருந்தது மொட்டையாகிவிடுகிறது. காதுக்கு அது கரகரப்பு. இக்காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் அந்த வரம்பைத் தொட்டே பதிவாகி வருவதால், ஒரு துளி கூட்டினாலும் தலை சீவப்படும். இவ்வளவு பிரயத்தனமும் வியர்த்தம் என்பது ஒரு பக்கம்: யூடியூப் முதலிய தளங்கள் அளவுக்கு மீறி உரத்த ஒலியைத் தாங்களே தணித்துத்தான் ஒலிக்கச் செய்கின்றன. கூட்டியவனுக்கு உரப்பும் கிடைப்பதில்லை, கெட்டுப்போன பாட்டு மட்டும் மிஞ்சுகிறது. கத்திச் சத்தமும் வெடிச் சத்தமும் பாட்டின்மேல் அள்ளிப் போடும் வழக்கத்தைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு இடத்தில் அது அழகு, அதற்கு மேல் அது பாட்டை நசுக்கும் பாரம்.

ஒலியும் காட்சியும் காலத்தால் பொருந்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவர் கல்லில் அடிப்பது முதலில் கண்ணுக்குத் தெரிந்து, ஓசை பின்னால் வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்; ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் செல்லும். ஆகையால் ஓசை பின்தங்குவது இயற்கைக்கு ஒத்தது. ஓசை முந்துவது உலகத்தில் நடக்காதது. மனம் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்துள்ள கணக்கின்படி, ஒலி 125 மில்லிவிநாடி பின்தங்கினால்தான் பார்ப்பவருக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. முந்துவதாயிருந்தால் 45 மில்லிவிநாடியிலேயே, அதாவது ஏறத்தாழ ஒரே ஃபிரேமில், தெரிந்துவிடுகிறது. கைப்பேசியில் எடுத்த படங்களின் ஃபிரேம் வேகம் சீராக இல்லாததாலோ, விநாடிக்கு 29.97 ஃபிரேம் உள்ளதை 30 என்று கருவி எண்ணிவிடுவதாலோ ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகு ஏற்பட்டால், பாட்டின் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. நாலு நிமிஷம் முடியும்போது கால் விநாடி விலகியிருக்கும். தொடக்கம் சரியாயிருந்தால் போதும் என்று விட்டுவிடாமல் கடைசி அடிவரை பார்ப்பது அவசியம்.

விழா முடிந்த அடுத்த வாரம், என் வீட்டுப் பரணில் இருந்த பழைய சி.டி.க்களுக்குள் அந்தத் தமிழ்ப் படத்தின் பாட்டுத் தட்டைத் தேடி எடுத்து அவனிடம் கொடுத்தேன். என்னிடமிருந்த ஹெட்போனையும் கொடுத்து, கணினியை மூடிவிட்டு முதலில் வெறும் பாட்டை மட்டும் கேட்கச் சொன்னேன். இரண்டாவது சரணத்துக்கு முன் வரும் இடையிசையில் அவன் சட்டென்று ஹெட்போனை எடுத்துவிட்டு, “மாமா, இங்கே ஒரு சலங்கைச் சத்தம் இருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது” என்றான். இரண்டு மாத காலம், இரவும் பகலுமாக, நூற்றுக்கணக்கான தடவை கேட்ட பாட்டு அது. வயலின்களின் அடியில், இடது ஓரத்தில், மிக மெல்லியதாக நாலே நாலு தடவை குலுங்கும் அந்தச் சலங்கை, அவன் வைத்திருந்த பிரதியில் இருந்த இடமே தெரியாமல் அழிந்துபோயிருந்தது. கேட்காத ஒன்றுக்கு யார்தான் காட்சி வைக்க முடியும்?

புதிய பாட்டை டைம்லைனில் வைத்தபோது, பழைய பிரதியின் முன்னே சுருக்கத்தின்போது நுழைந்துவிட்ட சிறு வெற்றிடம் காரணமாக எல்லா வெட்டுகளும் இரண்டு ஃபிரேம் விலகி நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்ய அவனுக்கு மூன்று இரவு ஆயிற்று. நல்ல பாட்டைத் தொடக்கத்திலேயே தேடிக்கொள்ள வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கலாகாது என்பதை அவன் அப்படித்தான் கற்றுக்கொண்டான். சலங்கை குலுங்கும் இடத்தில், சித்திரப்படத்தின் ஒரு மூலையில் காற்றில் ஆடும் சிறு மணியொன்றின் காட்சியைத் தேடிப் பிடித்து வைத்தான். இப்போது அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் தலையை ஒரு முறை சாய்க்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி இரவெல்லாம் விழித்திருந்து படம் தொகுக்கும் பிள்ளை இருக்கக்கூடும். அவனைக் கடிந்துகொள்ளாமல், காதை முழுவதும் மூடும் நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அவன் தேர்ந்தெடுத்த பாட்டின் சுத்தமான பிரதி ஒன்றையும் தேடிக் கொடுங்கள். அவன் படத்தை முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள்.